நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மச்சினன்

வியாழக்கிழமை, காலை 5.40, மதுரை மாட்டுத்தாவணி.

தூத்துக்குடி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். என்னோடு இருபத்தைந்து புத்தகங்கள் அடங்கிய துணிப்பை ஒன்றும் பேருந்தில் ஏறியது. நடத்துநர் அதைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்லா?" என்றார். "புத்தகம் தம்பி, நான் எழுதினது" என்றேன். "அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். எது சரிதான் என்று அருப்புக்கோட்டை வரை யோசித்துக்கொண்டு வந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி அற்ப யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் எழுதிய புத்தகங்களை அடுக்கிவிட்டு, ஓய்வு பெற்றபின் நானே ஒன்று எழுதினேன். தூத்துக்குடிப் பக்கம் கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிற ஆட்களைப் பற்றியது. இரண்டு வருஷம் போய் வந்து, கேட்டு, குறித்து எழுதியது. வெளிவந்து நான்கு மாதம் ஆகியும் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் வாங்கவில்லை. "மேடம், அந்த ஊர் ரேடியோவுல நீங்க பேசணும், அங்கதான் விக்கும்" என்றார் பதிப்பாளர். அவரே இரண்டு பேட்டிகளுக்கு ஏற்பாடும் செய்தார். ஒன்று தூத்துக்குடியில் ஒரு தனியார் பண்பலை நிலையத்தில். மற்றது மணப்பாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், மீனவர்களுக்கென்று நடக்கும் ஒரு சின்ன வானொலியில்.

புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. விற்பதற்கென்று கிளம்பிய பயணத்தைப் பற்றி எழுதிக்கொண்டு பெயரைச் சொல்லாமலிருப்பது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஏன் என்று போகப் போகத் தெரியும். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை.

எட்டயபுரம் தாண்டியதும் தூற்றல் பிடித்தது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிரியும் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள். தூத்துக்குடியை நெருங்க நெருங்க உப்பளங்களில் மழைநீர் நின்றது. அள்ளி வைத்த உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அனல் மின் நிலையத்துப் புகை மேலே போக மனமில்லாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. வானம், புகை, தண்ணீர் எல்லாம் ஒரே நிறம். நல்ல நாளிலேயே அந்தச் சாலை மனதைக் கீழே இறக்கும். அன்று கேட்கவே வேண்டாம்.

காலை 11.00, பண்பலை நிலையம்.

பேட்டி எடுத்த கிஷோருக்கு இருபத்தாறு வயதிருக்கும். புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதை மறைக்காத நல்ல பையன். யாரோ படித்துவிட்டு மஞ்சள் தாள் ஒட்டிக் கொடுத்த இடங்களை மட்டும் பார்த்து வைத்திருந்தார். "மேடம், பேஜ் நூத்திப் பன்னெண்டு செம எமோஷனல். அதை நீங்களே வாசிங்க, நேரலையில நல்லா எடுபடும்" என்றார்.

அந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்ளத் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கெடுக்கப் போகும் படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்று இருக்கும். அதிலிருந்து நீளமான டியூப் போகும். அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருவர் அடியில் இறங்குவார். ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. படகில் இன்னொருவர் அந்த டியூப்பைக் கையிலேயே பிடித்திருப்பார். கீழே இருப்பவர் மூச்சு விடும் துடிப்பு அவர் விரலில் தெரியும். துடிப்பு மாறினால் இழுத்துவிட வேண்டும். இந்த இரண்டாமவர் யாராகவும் இருக்க முடியாது. அடியில் இறங்குகிறவருடைய மனைவிக்குக் கூடப் பிறந்தவராக, அதாவது மச்சினனாக, இருக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்தில் கயிறு பிடித்தவர்களுக்கு இருந்த வழக்கம் இது. கயிறு போய் டியூப் வந்தும் வழக்கம் மாறவில்லை. கை தவறினால் தன் அக்காள் தங்கச்சி தாலிதான் போகும் என்பதால் மச்சினன் கை தவறாது. அதுதான் கணக்கு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: "மேலே மச்சினன் தூங்கிவிட்டான். கையிலிருந்த டியூப் துடிப்பதை நிறுத்தியது அவனுக்குத் தெரியவில்லை. எட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு மனிதன் அவனை நம்பிக்கொண்டிருந்தான்."

மூன்றே வாக்கியம். புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மூன்று வாக்கியம் அதுதான். அச்சுப்பிழை பார்த்தபோது அதை மட்டும் வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன். வெட்கக்கேடு, ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். நேரலையிலும் நன்றாகவே வாசித்தேன். "ஒரு மனிதன்" என்ற இடத்தில் சற்று நிறுத்திக் குரலை இறக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிஷோர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு நேயர் அழைப்பு. முதலில் பேசியவர் உப்பளத்திலிருந்து. புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மனைவிக்குப் பிறந்தநாள் பாட்டுக் கேட்டார். இரண்டாவது ஆள் திரேஸ்புரம். தூத்துக்குடியில் சங்குக்குப் போகிறவர்கள் இருக்கும் கடற்கரைப் பகுதி அது.

"அம்மா, நல்லா வாசிச்சிய. அது நம்ம சந்தியாகு கதைதான? டியூப் பிடிச்சது இன்னாசில்லா? அன்னைக்குத் தூங்கிட்டானா! இத்தன நாளு எங்களுக்குத் தெரியாமப் போச்சே!"

"பேரெல்லாம் வேண்டாமே அண்ணாச்சி" என்று ஏதோ உளறினேன். கிஷோர், "பாருங்க, நேயர்களே கண்டுபிடிக்கிறாங்க!" என்றார்.

மூன்றாவது அழைப்பில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பல பெண்கள் பேசும் சத்தம், தகரத்தட்டுச் சத்தம். அப்புறம் ஒரு குரல்.

"டீச்சர், எந்தம்பி தூங்கல."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். "லைன் கட்டாயிடுச்சு போல" என்று கிஷோர் பாட்டுப் போட்டார். எனக்கு அந்தக் குரல் தெரியும். இறந்துபோன சந்தியாகுவின் மனைவி, இன்னாசியின் அக்காள் ஸ்தெல்லா. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. அங்கே வேலை முடியும் வரை ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

பிற்பகல் 1.30, திரேஸ்புரம்.

ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். கரையில் படகுகள் எல்லாம் நின்றிருந்தன. காற்றுக்குப் பயந்து அன்று யாரும் போகவில்லை. வலைகளிலும் சங்கு அள்ளும் பைகளிலும் மழைத்தண்ணீர் சொட்டியது.

ஸ்தெல்லா வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் இறால் வாடை. "வாங்க டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஒருநாளும் பாடம் நடத்தியவளில்லை. ஆனாலும் நாசரேத்துக்காரி, கண்ணாடி போட்டவள், தோளில் பை வைத்தவள் என்றால் இந்தக் கரையில் டீச்சர்தான். முன்பெல்லாம் நான் உட்காரும் முன்னே டீ வந்துவிடும். அன்று டீ வரவில்லை.

"பேர் போடலயே ஸ்தெல்லா. புத்தகத்துல எங்கயும் யார் பேரும் போடலயே" என்றேன். வந்தவுடன் என் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு அல்ல. இந்த வக்காலத்துதான்.

"பேர் போட்டிருந்தாக்கூடத் தேவல டீச்சர். தெருவுக்கு நாலு இன்னாசி கெடக்கான். அது இவன் இல்ல, வேற இன்னாசின்னு சொல்லிட்டுப் போயிரலாம். நீங்க மச்சினன்னுல்லா போட்டிட்டிய. சங்குக்குப் போன எடத்துல இங்கன அப்படிச் செத்தவுக எங்க வீட்டுக்காரவுகதான். அவுகளுக்கு மச்சினன் ஒருத்தந்தான். எனக்குக் கூடப் பெறந்த ஆம்பளயும் ஒருத்தந்தான்."

புத்தகங்களை வகை பிரித்து முப்பத்திரண்டு வருஷம் அடுக்கினவளுக்கு இந்தச் சின்ன விஷயம் எட்டவில்லை. மதுரையில் என் தெருவில் மச்சினன் என்றால் யாராகவும் இருக்கலாம். இங்கே அது கதவு எண் மாதிரி.

"தூங்கிட்டான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

சொன்னேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் சொன்னார். நல்ல பேச்சுக்காரர், கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னார். ஸ்தெல்லா சிரித்தாள். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அவுகளா" என்றாள். அவருக்கு அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. அவர் யார் என்று எழுதமாட்டேன்.

"ஒங்கிட்டயும் கேட்டேனே ஸ்தெல்லா. அப்ப நீ ஒண்ணும் சொல்லலயே?"

"நான் படகுலயா இருந்தேன்? எந்தம்பிகிட்டக் கேளுங்க, ஆறு மணிக்குக் கரைக்கு வந்துருவான்னு சொன்னேன். அஞ்சர பஸ்ஸ விட்டா நேரமாயிரும்னு நீங்க போயிட்டிய."

உண்மை. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு அரைமணிக்கு ஒரு பஸ் உண்டு. நான் ஐந்தரை பஸ்ஸில் போனேன். ஒரு மனிதன் தூங்கினானா இல்லையா என்று அவனிடமே கேட்க எனக்கு அரைமணி நேரம் இல்லாமல் போய்விட்டது.

ஸ்தெல்லா நடந்ததைச் சொன்னாள். டியூப்பில் துடிப்பு நின்றதுமே இன்னாசி இழுத்துப் பார்த்திருக்கிறார். வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குதித்து இறங்கி, அத்தானைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறார். அதற்குள் சந்தியாகு முடிந்துவிட்டார். ஆழத்துத் தண்ணீர் அழுத்தியதில் இன்னாசிக்கு இடது காதிலிருந்து ரத்தம் வந்து, அன்றோடு அந்தக் காது போயிற்று.

"தூங்குனவனுக்குக் காதுல எப்படி டீச்சர் ரத்தம் வரும்?"

அதோடு முடியவில்லை. ஸ்தெல்லாவுக்கு ரோஸ்லின் என்று ஒரு தங்கை. அவள் புருஷன் போஸ்கோவும் சங்குக்குப் போகிறவர். சந்தியாகு போனபின் மூன்று வருஷமாகப் போஸ்கோவுக்கு டியூப் பிடிப்பவர் இன்னாசிதான். காலையில் என் பேட்டி கரையிலிருந்த கடை ரேடியோவில் ஓடியிருக்கிறது. அரைமணிக்குள் போஸ்கோவின் அம்மா அங்கே வந்து நின்று, எல்லாரும் கேட்க, "எம்மவன் டியூப்ப இவன் தொடக்கூடாது. ஒரு வீட்டுத் தாலிய அறுத்தது போதும்" என்று சொல்லிவிட்டார். இன்னாசி வீட்டுக்கு வந்து ஒரு சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மணப்பாட்டிலிருக்கும் சித்தி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"நான் கும்பிட்டுக் கேக்கேன் டீச்சர். என்ன செய்வியளோ தெரியாது, அவன் திரும்பி வரணும். தங்கச்சி வீட்டு வாசல மிதிக்க முடியாம அவன் எப்படி இருப்பான்?"

செய்கிறேன் என்றேன். சொன்னபோது நிஜமாகவே செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, காலை 9.15, திருச்செந்தூர் சாலை.

கிளம்புமுன் விடுதியிலிருந்து கிஷோரை அழைத்தேன். "மேடம், நம்ம நிகழ்ச்சி சூப்பர் ஹிட்! ஞாயிற்றுக்கிழமை மறு ஒலிபரப்பு போடுறோம்" என்றார். போடாதீர்கள் என்று கெஞ்சினேன். நான் எழுதியது தப்பு, திருத்திச் சொல்ல இரண்டு நிமிஷம் தாருங்கள் என்று கேட்டேன். பையனுக்கு விஷயம் புரிந்தது, குரல் மாறியது. மேலே கேட்டுவிட்டு அழைத்தார். மறு ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். திருத்தத்துக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்க வழியில்லையாம். கிடைத்தவரை லாபம் என்று பஸ் ஏறினேன்.

திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், நாற்பத்திரண்டு ரூபாய். முக்காணி பாலத்தில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் பெருகி ஓடியது. ஆத்தூரில் வெற்றிலைக் கட்டோடு ஏறிய ஒருவர் என் பையைப் பார்த்து, "ஆதிச்சநல்லூர் பத்தி ஏதாவது எழுதிருக்கியளா? அதுன்னா நல்லா ஓடும். தாழிக்குள்ள இருக்கவன் எந்திரிச்சு வந்து ஏன் இப்படி எழுதுனன்னு கேக்க மாட்டான்" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. திருச்செந்தூரில் இறங்கி, கோவிலுக்கு வந்த கூட்டத்துக்குள் நீந்தி, குலசேகரன்பட்டினம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். மணப்பாடு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

மணப்பாட்டில் நிலம் கடலுக்குள் முழங்கையை நீட்டிக்கொண்டு போகிறது. அந்த மணல்மேட்டு உச்சியில் சிலுவைக் கோவில். வெயில் நாளில் அங்கிருந்து பார்த்தால் மனம் நிறையும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பார்க்கும்போது கடல் கழுவாத பாத்திரம்போல இருந்தது. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கீழே கரையில் நாலைந்து பேர் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். தனியாக ஓர் ஓரத்தில் இருந்தவர்தான் இன்னாசி. நாற்பதை எட்டாத வயது, ஒடிசலான ஆள்.

நான் பக்கத்தில் போய்ப் பேச ஆரம்பித்ததும் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். யார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாண்டாம். கொரலு தெரியுது" என்றார்.

நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். கையில் வேலை நிற்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும்னு வந்திய?"

"நாளைக்கு இங்க பக்கத்து ஊர் ரேடியோவுல பேசுதேன். நடந்தத நடந்தபடி சொல்லிருதேன். டியூப்புக்கு என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லுங்க."

சொன்னார். அவசரப்படாமல், யாரையும் வையாமல், அரைமணி நேரம் சொன்னார். அந்தக் காலையில் கரையில் யார் என்ன சொன்னார்கள், டியூப் எந்த நிலையில் இருந்தது, எல்லாம். நான் குறிப்பேட்டை எடுத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"அது ஒங்களுக்குச் சொன்னது. ரேடியோவுக்கு இல்ல."

"ஏன்?"

"அதச் சொன்னா உசுரோட இருக்கவுக பொழப்பு போயிரும் டீச்சர். எங்க அக்காவுக்கும் போயிரும், போஸ்கோவுக்கும் போயிரும். அத்தான் எந்திரிச்சு வந்துருவாகளா? வேண்டாம்."

"அப்ப நான் என்னதான் சொல்ல?"

அப்போதுதான் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "தூங்கலன்னு சொல்லுங்க. அத்தான் மூச்சு எங்கையிலதான் இருந்துச்சு. நின்னது எனக்குத் தெரிஞ்சுது. ஒடனே தெரிஞ்சுது. அத மட்டும் சொல்லுங்க. யார்யாருக்கு அத எழுதுனியளோ, யார்யாருக்கு வாசிச்சியளோ, அத்தன பேருக்கும் சொல்லுங்க."

சரி என்றேன். குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய் எனக்குச் சோறு போடச் சொன்னார். சாளைமீன் குழம்பு. வைத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை, காலை 4.50, பக்கத்துக் கிராமம்.

கோவிலையொட்டிய ஒரே அறைதான் வானொலி நிலையம். நடத்துகிறவர் சகாயமேரி. தினமும் காலை ஐந்து மணிக்குக் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் படகுகள் இறங்கும். என் பேட்டியைப் பதிவு செய்து புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மகளிர் நேரத்தில் போடுவதாக ஏற்பாடு.

"அந்நேரம் ஆம்பளைங்க எல்லாரும் கடல்லல்லா இருப்பாவ? இப்ப, காத்து நெலவரம் சொன்ன கையோட எனக்கு ஒரு நிமிஷம் தாங்க" என்று கேட்டேன்.

"காத்தடிக்கும்னு சொல்லுத நேரத்துல கத பேசுனா நாளைக்கு நான்தான் ஏச்சு வாங்கணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் புத்தகத்தைப் படித்தவர். மணப்பாட்டில் இன்னாசி சித்திக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். "ஒரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு சொல்லு பேசக்கூடாது."

ஐந்து மணிக்கு அவர் ஒலிவாங்கியைத் திறந்தார். காற்று பலமாகும், அலை உயரும், யாரும் கடலுக்குப் போகவேண்டாம், படகுகளை உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். அடுத்து எனக்குக் கை காட்டினார்.

நான் பேசினேன். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை, குரலை இறக்கவில்லை. "என் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது தப்பு. டியூப் பிடித்திருந்தவர் தூங்கவில்லை. மூச்சு நின்றது அவருக்கு உடனே தெரிந்தது. அவர் இறங்கி எடுத்தார். அவரிடம் கேட்காமல் எழுதியது என் குற்றம். எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும்." அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சன்னல் வழியாகக் கரை தெரிந்தது. டார்ச் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடின. ஆம்பளையும் பொம்பளையுமாகப் படகு இழுக்கும் சத்தம் மழைக்கு மேலே கேட்டது. சகாயமேரி ஒலிவாங்கியை மூடினார்.

"கேட்டிருப்பாங்களா?" என்றேன்.

"படக மேட்டுல ஏத்துங்கன்னு சொன்ன பெறகு ரேடியோ கேட்டுக்கிட்டு யாரு டீச்சர் வீட்டுல இருப்பா?" பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "புதன்கிழம பேட்டிலயும் இதச் சேத்துப் போடுதேன்."

நான் மணப்பாட்டுக் கரைக்குத் திரும்பிப் போனேன். இன்னாசி தோளில் கயிற்றைப் போட்டு, சித்தப்பா படகை இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்டிருக்கவில்லை. சொல்லிவிட்டேன் என்று வலது காதுப் பக்கம் போய்க் கத்தினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி இழுக்கப் போய்விட்டார்.

பிற்பகல் 3.00, தூத்துக்குடி.

திரும்பி வரும் வழியில் ஸ்தெல்லா அழைத்தாள். அந்த வானொலி சுற்றுப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத்தான் எடுக்கும். தூத்துக்குடி அறுபது கிலோமீட்டர். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காலையில் நான் போனில் சொன்னதை வைத்து, போஸ்கோவின் அம்மாவிடம் ஸ்தெல்லாவே போய், டீச்சர் திருத்திச் சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். "நான் கேக்கலயே" என்றுவிட்டாராம். காற்று அடங்கினதும் போஸ்கோ வேறு ஆளை வைத்துக்கொண்டு போகப்போகிறார். அந்த ஆள் மச்சினன் இல்லை, கூலிக்கு வருகிறவர். ரோஸ்லின் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லும்போது ஸ்தெல்லா குரல் உடைந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். டீ பன்னிரண்டு ரூபாய். "சீனி குறைச்சுப் போடுங்க அண்ணாச்சி" என்று நான் சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வியாழக்கெழம ரேடியோல பேசுனது நீங்கதான? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியளா! அந்த மச்சினன் தூங்குன எடத்த வாசிச்சிய பாருங்க, எங்க வீட்டுல அழுதுட்டா."

"அவர் தூங்கல அண்ணாச்சி."

"தூங்கிட்டான்னுதான வாசிச்சிய?"

"தப்பா எழுதிட்டேன். அவர் முழிச்சுத்தான் இருந்தார். நான் அவர்கிட்டக் கேக்காமலே எழுதிட்டேன்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். நல்ல மனுஷன்தான். என்னை நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அந்த ஆளு எப்படிச் செத்தான்?"

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. கண்ணுக்குள் ஈயக்குண்டைக் கீழே வைத்த அந்தக் கை தெரிந்தது. "அது தெரியல அண்ணாச்சி" என்றேன்.

அவர் டீயை என் முன்னே வைத்தார். "பெறகென்ன, தூங்கித்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

மாலை 4.00, மதுரை பஸ்.

இருபத்தைந்து புத்தகமும் கொண்டுபோனபடியே திரும்பி வந்தன. ஒன்றைக்கூட விற்க மனம் வரவில்லை. குறுக்குச்சாலை என்ற ஊரைத் தாண்டியதும் பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று வாக்கியத்தையும் பேனாவால் அடித்தேன். பக்கத்து ஓரத்தில் "அவர் தூங்கவில்லை" என்று எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டது. பக்கத்திலிருந்த அம்மா, "பரிச்சப் பேப்பரா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அவருக்கும் சொன்னேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

மதுரையில் இறங்கியதும் பதிப்பாளரிடம் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மிச்சப் பிரதிகளில் அந்தத் தாளை மாற்றி ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். ஏற்கெனவே வாங்கியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ரேடியோ கேட்டவர்களை எங்கே போய்த் தேடுவேன்? இன்னாசி இன்னும் மணப்பாட்டில்தான் இருக்கிறார். வலைக்கு ஈயம் கட்டுகிறார். தங்கை வீட்டுக்குப் போகவில்லை.

அத்தனை பேருக்கும் சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டேன். அதனால்தான் இதை எழுதினேன். நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கலாம், வியாழக்கிழமை காலை ரேடியோ கேட்டிருக்கலாம், அல்லது இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படலாம். டியூப் பிடித்திருந்தவர் தூங்கவில்லை. பிறகு சந்தியாகு எப்படிச் செத்தார் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.